ரெனின் மூளைக்குச் செய்வது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், சிறுநீரகத்தில் சுரக்கும் ரெனின் என்னும் நொதியைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாசகர்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒன்றை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதியதற்குப் பாராட்டுகள். ஆனால் அந்தக் கட்டுரையின் பிற்பகுதியில், ரெனின் மூளைக்குள்ளேயே சுரந்து நினைவாற்றலை அரிக்கிறது என்றும், அதன் வழியை அடைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் மறதி நோய் வராது என்றும் அடித்துச் சொல்லப்பட்டிருந்தது. உடலியங்கியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இன்று கையில் உள்ள சான்றுகள் போதா என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ரெனினுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. ஆனால் அது கட்டுரையாளர் காட்டிய வழியில் நடப்பதில்லை.

ரெனின் புதிதாகக் கண்டறியப்பட்ட பொருளன்று. 1898ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட் என்ற அறிஞரும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து, அதை இன்னொரு முயலின் ரத்தத்தில் செலுத்தியபோது அதன் ரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலிருந்து எடுத்த சாற்றுக்கு மட்டுமே அந்த ஆற்றல் இருந்தது. கொதிக்கவைத்ததும் அது போய்விட்டது. இவ்வளவு தெளிவான கண்டுபிடிப்பை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பொருட்படுத்தவில்லை என்பது மருத்துவ வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு வெள்ளிக் கவ்வியால் இறுக்கி, அவற்றுக்கு நிலையான உயர் ரத்த அழுத்தம் வரச் செய்து காட்டிய பிறகுதான் ஆய்வாளர்களின் கவனம் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது.

இந்த நொதி சுரக்கும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் அதன் நோக்கம் புரியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டும் அலகுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் கொண்டுவரும் மிகச் சிறிய தமனியின் சுவரில், வடிகட்டியை எட்டுவதற்குச் சற்று முன்பாக, சில தசைச் செல்கள் துகள்கள் நிறைந்த சுரப்புச் செல்களாக மாறி அமர்ந்திருக்கின்றன. அந்தத் துகள்களில் இருப்பது ரெனின். வடிகட்டியிலிருந்து கிளம்பி வளைந்து வளைந்து செல்லும் சிறுநீர் நுண்குழாய், ஒரு கட்டத்தில் திரும்பி வந்து தான் புறப்பட்ட அதே இடத்தை உரசிக்கொண்டு போகிறது. அங்கே அதன் சுவரில் நெருக்கமாக அடுக்கிய செல்கள், குழாயில் ஓடும் திரவத்தில் உப்பு எவ்வளவு என்பதை இடைவிடாமல் அளந்து, பக்கத்திலேயே இருக்கும் ரெனின் செல்களுக்குத் தெரிவிக்கின்றன. உப்பு குறைந்தாலும், தமனியில் அழுத்தம் இறங்கினாலும், மூளையிலிருந்து வரும், நெருக்கடியில் உடலை முடுக்கும் பரிவு நரம்புகள் தூண்டினாலும் ரெனின் வெளியாகும். இந்த மூன்றாவது காரணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறேன், ஏனெனில் மூளையின் கை சிறுநீரகத்தின் மேல் இருப்பது இங்கேதான். பீட்டா தடுப்பு மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கு, அந்த நரம்புத் தூண்டலைத் தணித்து ரெனின் சுரப்பைக் குறைப்பதும் ஒரு காரணம்.

வெளியான ரெனின் தானாக எந்த ரத்தக் குழாயையும் சுருக்குவதில்லை. அது ஒரே ஒரு வேலைக்கென்று செய்த கத்தரி. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற நீண்ட புரதத்தின் நுனியில் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை மட்டும் வெட்டி எடுக்கும்; வேறு புரதம் எதையும் அது வெட்டுவதாகத் தெரியவில்லை. அந்தத் துண்டு முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்களைக் கடக்கும்போது, அங்குள்ள மாற்று நொதி அதிலிருந்து மேலும் இரண்டு அமினோ அமிலங்களைக் கழித்துவிட, எஞ்சுவது ஆஞ்சியோடென்சின் 2. ரத்தத்தில் கலந்த இந்தப் பொருளில் பாதி ஒரு நிமிடத்துக்குள் சிதைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்துக்குள் அது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து, உப்பையும் அதோடு நீரையும் உடலில் தேக்குகிறது. கூடவே மூளைக்கும் செய்தி கொண்டுபோகிறது.

மூளைக்குச் செய்தி போகும் விதம்தான் கட்டுரையில் குழப்பமாகிவிட்டது. மூளையின் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவற்றின் சுவர் மிக இறுக்கமானது. ரத்தத்தில் மிதக்கும் ஆஞ்சியோடென்சின் போன்ற பொருள்கள் நலமாக உள்ளவரின் மூளைத் திசுவுக்குள் எளிதில் நுழைய முடியாது. ஆனால் மூளையின் நடுவில் உள்ள அறைகளின் ஓரத்தில் சில சிறு பகுதிகளுக்கு இந்தத் தடுப்பு இல்லை. அங்குள்ள நரம்புச் செல்கள் ரத்தத்தை நேரடியாகச் சுவைக்கின்றன என்றே சொல்லலாம். ஆஞ்சியோடென்சின் 2 அங்கே செல்களில் அதன் செய்தியைப் பெறும் ஏற்பிகளைத் தொட்டதும் மூன்று காரியங்கள் நடக்கின்றன: தாகம் எடுக்கிறது, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரெஸ்ஸின் ஹார்மோன் வெளியாகிறது, பரிவு நரம்புகளின் முடுக்கம் கூடுகிறது. 1970இல் ஆலன் எப்ஸ்டீன், ஜேம்ஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ் ஆகியோர், தாகமே இல்லாத எலிகளின் மூளையில் மிகச் சிறிய அளவு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியதும் அவை உடனே தண்ணீர் குடிக்கத் தொடங்கியதைப் பதிவு செய்தார்கள். விபத்தில் நிறைய ரத்தம் இழந்தவர் நா வறண்டு தண்ணீர் கேட்பதற்குப் பின்னால் இந்த ஏற்பாடும் இருக்கிறது.

நரம்பு முடுக்கம் கூடினால் சிறுநீரகத்தில் ரெனின் கூடும் என்று மேலே சொன்னேன். ரெனின் கூடினால் ஆஞ்சியோடென்சின் கூடி, நரம்பு முடுக்கத்தை இன்னும் ஏற்றும். உடல் நீரிழந்து, அல்லது ரத்தம் இழந்து தவிக்கும்போது இந்தச் சுற்று உயிரைக் காக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கங்களில் முதன்மையானது. படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் சில நொடிகளில் நரம்புகளும், அடுத்த சில நிமிடங்களில் ரெனினும் வேலை செய்வதால்தான் நாம் மயங்கி விழுவதில்லை. ஆகவே ரெனினை மூளையின் பகையாளி என்று சித்திரிப்பது அடிப்படையிலேயே பொருந்தாது. எந்த நெருக்கடியும் இல்லாதபோதும் இந்தச் சுற்று அடங்காமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

இனி, மூளைக்குள்ளேயே ரெனின் சுரக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். 1971இல் டெட்லெஃப் கான்டனும் அவருடைய குழுவினரும் நாயின் மூளைத் திசுவில் ரெனினைப் போல வேலை செய்யும் நொதி இருப்பதாக அறிவித்தார்கள். அதிலிருந்து மூளைக்குத் தனியான ரெனின் அமைப்பு உண்டு என்ற கருத்து பாடநூல்களிலும் இடம்பிடித்தது. ஆனால் அந்த வேலையில் பெரும்பங்கு, எல்லாத் திசுக்களிலும் உள்ள கதெப்சின் டி என்ற வேறொரு நொதியுடையது என்பதும், அது இயல்பான உடல் நிலையில் இல்லாத அமிலச் சூழலில்தான் அவ்வாறு செயல்படுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தன. கடந்த சில ஆண்டுகளில் எலிகளில் செய்த கவனமான அளவீடுகள், மூளைத் திசுவில் கிடைத்த ரெனின் அங்கே சிக்கியிருந்த ரத்தத்தில் இருந்த ரெனினே என்று காட்டின. இதற்கு எதிர்வாதமும் உண்டு. தடுப்புக்கு உட்பட்ட பகுதிகளிலும் ஆஞ்சியோடென்சின் ஏற்பிகள் இருப்பது உண்மை. வேறு நொதிகள் வழியாக அது அங்கேயே உருவாகக்கூடும் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். நீண்டகால உயர் ரத்த அழுத்தம் அந்தத் தடுப்பையே பழுதாக்கி, ரத்தத்தில் உள்ள ஆஞ்சியோடென்சினை உள்ளே கசியவிடுகிறது என்பதற்கும் விலங்கு ஆய்வுகளில் சான்று உண்டு. இவ்வாறு இரு தரப்பிலும் பேச இடமுள்ள ஒரு விவாதத்தைத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட வழக்குபோல வாசகர் முன் வைத்தது முறையன்று.

அப்படியானால் உயர் ரத்த அழுத்தம் உள்ளவரின் மூளை எதனால் கெடுகிறது? பெரும்பாலும் ரத்தக் குழாய்களால்தான். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை பெறுகிறது. அதைவிட மிகச் சிறிய எடையுள்ள சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இரண்டு உறுப்புகளிலும் ரத்தம் அதிகத் தடையின்றி நுண்குழாய் வரை பாய்கிறது. பெரிய தமனிகள் விறைத்துப்போனால், ஒவ்வொரு நாடித் துடிப்பின் அதிர்ச்சியும் அந்த நுண்குழாய்களின் மேல்தான் இறங்கும். சிறுநீரகத்தில் அதன் விளைவு சிறுநீரில் புரதமாகக் கசிகிறது. மூளையில் அது வெள்ளைப் பகுதியில் சிறு சிறு வடுக்களாகவும், ஆளுக்கே தெரியாமல் நடந்துமுடியும் நுண்ணிய பக்கவாதங்களாகவும் சேர்ந்து, நடை தளர்வதிலும், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கத் திணறுவதிலும் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது. ஆஞ்சியோடென்சின் 2 அதிகமாக இருந்தால், சிந்திக்கும் பகுதிக்கு உடனடியாகக் கூடுதல் ரத்தம் அனுப்பும் ஏற்பாடும் குலைகிறது என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று பரிசோதனையில் தெரியவந்தால், சிறுநீரகத்தோடு மூளையின் நலத்தையும் சேர்த்து விசாரிப்பதே என் பார்வையில் சரியான மருத்துவம்.

மாத்திரைகளைப் பற்றிய கூற்றுக்கு வருவோம். இந்த நொதி வழியை அடைக்கும் மருந்துகளின் வரலாறு அழகானது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சில் 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்ட ஒரு பொருள், மாற்று நொதியைத் தடுக்கும் கேப்டோப்ரில் மருந்துக்கு வழிகாட்டியது. 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பின்னர் ஆஞ்சியோடென்சின் ஏற்பியையே அடைக்கும் லோசார்டான் 1995இலும், ரெனினையே நேரடியாகத் தடுக்கும் அலிஸ்கிரென் 2007இலும் வந்தன. இவை நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவை செய்யும் நன்மையில் ஐயமில்லை. மறதி நோய்க்கு மட்டும் கதை வேறு.

1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் முதியவர்களுக்குத் தரப்பட்ட மருந்து மறதி நோயைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் அது ரெனின் வழியைத் தொடாத, கால்சியத்தைத் தடுக்கும் மருந்து. நோயுற்றவர்களின் எண்ணிக்கையும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 21, மருந்து எடுத்தவர்களில் 11 என்று மிகச் சிறியது. 2001இல் பக்கவாதம் வந்தவர்களிடம், மாற்று நொதியைத் தடுக்கும் பெரிண்டோப்ரிலைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், அந்த மருந்தைத் தனியாக எடுத்தவர்களுக்கு மறு பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சிறுநீரைப் பெருக்கும் மருந்தையும் சேர்த்து, ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியவர்களுக்கு 43 சதவீதம் குறைந்தது. ஆறு நீண்டகால ஆய்வுகளில் இருந்த 31,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2020இல் வெளியான கட்டுரையும், மருந்தின் வகையைவிட அழுத்தம் இறங்குவதே முக்கியம் என்பதையே உறுதிப்படுத்துகிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏதேனும் ஒரு மருந்து எடுத்தவர்களுக்கு மறதி நோய் 12 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்தின் வகையால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

50 வயதைக் கடந்த 9,361 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140க்குள் வைப்பதா, 120க்குள் வைப்பதா என்று ஒப்பிட்ட அந்த ஆய்வின் மூளை பற்றிய முடிவு 2019இல் வந்தது. 120க்குள் வைத்தவர்களில், மறதி நோய்க்கு முந்தைய கட்டமான லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைந்தது. மறதி நோயும் குறைந்ததுபோல் தோன்றினாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. இதில் நீரிழிவு உள்ளவர்களும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை என்பதால் எல்லோருக்கும் 120 என்று முழங்குவதும் சரியாகாது. கடைசியாக, கட்டுரையாளர் பெரிதும் நம்பும் அதே கருத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அல்சைமர் நோயின் ஆரம்ப, நடுத்தர நிலைகளில் இருந்த 211 பேருக்கு ஓராண்டு லோசார்டானோ போலி மாத்திரையோ கொடுத்து, மூளைச் சுருக்கத்தை ஸ்கேனில் அளந்தது பிரிட்டனில் நடந்த அந்த ஆய்வு. 2021இல் வெளியான முடிவின்படி இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. நோய் தொடங்கிய பின் கொடுத்ததாலும், ஓராண்டோடு நிறுத்தியதாலும் அப்படி ஆகியிருக்கலாம் என்று வாதிடலாம். அது நியாயமான வாதமே. ஆனாலும் "மறதி நோய் வராது" என்று எழுதுவதற்கு அது இடம் தராது.

கொஞ்சம் அடைத்தால் நல்லது என்றால் முழுவதும் அடைத்தால் இன்னும் நல்லது என்ற எண்ணமும் பொய்த்திருக்கிறது. மாற்று நொதித் தடுப்பியையும் ஏற்பித் தடுப்பியையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2008இல் கூடுதல் பயன் எதையும் காட்டவில்லை. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்புமே கூடின. சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ள நீரிழிவு நோயாளிகளில், இந்த மருந்துகளில் ஒன்றோடு அலிஸ்கிரெனையும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வைப் பாதகம் மிகுந்ததால் 2011இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்துவிட்டு இரண்டு விதமான வாசகர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். ஒருவர், தாம் எடுக்கும் கால்சியத் தடுப்பு மருந்தை நிறுத்தி "மூளைக்கு நல்ல" மாத்திரையாக மாற்றித் தரும்படி கேட்கிறார். மற்றவர், சிறுநீரக நொதியைத் தடுத்தால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்று அஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இரண்டாமவரின் அச்சத்துக்கு ஒரு சிறு காரணம் உண்டு. இந்த மருந்துகளைத் தொடங்கியதும் ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி நீக்கும் கழிவான கிரியேட்டினின் சற்று ஏறுவது வழக்கம். வடிகட்டிக்குள் இருந்த மிகையான அழுத்தம் தணிவதன் அடையாளம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்தத் தேவையில்லை. அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் அதிகமானாலோ மருத்துவர் காரணத்தைத் தேட வேண்டும். அதனால்தான் தொடங்கிய ஓரிரு வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். கடுமையான வாந்தி, பேதியின்போது இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உடல் நீரிழந்த அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் ரெனினை நம்பி நிற்கிறது. கருவுற்ற பெண்கள் இந்த வகை மருந்துகளை எடுக்கக் கூடாது. கட்டுரையில் இந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூட இடம்பெறவில்லை.

ரெனினைப் பற்றி எழுதும்போது விட்டுவிடக் கூடாத இன்னொரு செய்தி, ரெனின் மிகவும் குறைந்துபோன நோயாளிகளைப் பற்றியது. 1955இல் ஜெரோம் கான் விவரித்த நோயில், அட்ரீனல் சுரப்பி ரெனினின் உத்தரவுக்குக் காத்திராமல் தன்போக்கில் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. உப்பும் நீரும் தேங்கி அழுத்தம் ஏற ஏற, சிறுநீரகம் ரெனினைச் சுருக்கிக்கொண்டே போகும். கட்டுரையின் கணக்குப்படி ரெனின் குறைந்த இவர்களின் மூளை பாதுகாப்பாக இருக்க வேண்டும். உண்மையில், அதே அளவு ரத்த அழுத்தம் உள்ள மற்றவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம். ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால் இந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பக்கச் சுரப்பியில் கட்டி இருந்தால் அறுவை சிகிச்சையாலும், இல்லையென்றால் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மருந்தாலும் குணம் காணலாம். உயர் ரத்த அழுத்தம் உறுதியான பெரியவர்கள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைக் கருத்தில் கொள்ளலாம் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நடைமுறையிலோ, மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத அழுத்தத்தோடும், காரணம் தெரியாத பொட்டாசியக் குறைவோடும் ஆண்டுக்கணக்கில் அலையும் பலருக்கு இந்தப் பரிசோதனையின் பெயரே தெரியாது. மருத்துவப் பக்கத்தில் ரெனினைப் பற்றித் தாங்கள் அடுத்து வெளியிடும் கட்டுரை இந்தப் பரிசோதனையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடலியங்கியல் பேராசிரியர் (ஓய்வு)